அக்கா, மகேசு ஊரில் என்ன பார்த்தேன் என்று கேட்டால்

என் ஆசை அக்கா செண்பகத்துக்கு,

யார் எந்த ஊருக்குப் போய்விட்டு வந்தாலும், அவர்களைப் பிடித்து உட்காரவைத்து, "அங்கன என்ன பாத்தே, வரிசையாச் சொல்லு" என்று கேட்கிறவள் நீ. பழனிக்குப் போனவர்களைக்கூட விட்டதில்லை. சாமி கும்பிட்ட கதையைச் சீக்கிரம் முடிக்கச் சொல்லிவிட்டு, இழுவை ரயிலில் ஏறினார்களா, கீழே பார்க்கும்போது தலை சுற்றியதா என்று துருவுவாய். தீபாவளி முடிந்ததும் பட்டாசுக் கம்பெனியில் நம்மை வேனில் டூர் கூட்டிப்போவார்களே, அப்போது சன்னலோரத்து இடத்துக்காக என்னோடு மல்லுக்கு நிற்பாய். கன்னியாகுமரி போய்ச் சேரும்வரை நான் பார்த்தது உன் தோள்பட்டையைத்தான்.

இப்போது நான் அமெரிக்கா போய்விட்டு வந்திருக்கிறேன். சிரிக்காதே, உண்மையாகத்தான். உன் மகள் மகேசுக்குப் பேறுகாலம் பார்க்கப் போனேன். அவள் இருக்கும் ஊருக்குப் பெயர் செயின்ட் லூயிஸ். அமெரிக்காவின் நடுவில் இருக்கிறது, எந்தப் பக்கம் போனாலும் கடலுக்கு ரொம்பத் தூரம். மிசிசிப்பி என்று ஒரு பெரிய ஆறு. நம் வைப்பாறு மாதிரி மணலை வைத்துக்கொண்டு பெயரளவில் ஆறாக இருப்பதில்லை, தண்ணீர் கரையைத் தொட்டுக்கொண்டு போகிறது.

திரும்பி வந்ததிலிருந்து தெருவே கேட்கிறது. பிள்ளை யார் சாடை, மாப்பிள்ளைக்குச் சம்பளம் எம்புட்டு, அங்கே சோறு கிடைக்குமா, இவ்வளவுதான் கேள்வி. என்ன பார்த்தாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. அதனால் உனக்கு எழுதுகிறேன்.

ஆனால் ஊர் பார்க்கவும் பேறுகாலம் பார்க்கவும் மட்டும் நான் விமானம் ஏறவில்லை. உனக்கு அது தெரிந்திருக்கும். மகேசு மூன்று வயதில் காய்ச்சல் கண்டு, கண் செருகிக் கிடந்தாளே, அப்போது நீ இருக்கன்குடி மாரியம்மன் வாசலில் விழுந்து, "இவளப் பொழைக்க வையி ஆத்தா, இவ வயித்துல பெறக்கிற மொதப் பிள்ளைக்கு உன் வாசல்ல முடி எறக்குறேன்" என்று நேர்ந்துகொண்டாய். நான் பக்கத்தில்தான் நின்றேன். அந்த நேர்ச்சையைச் செலுத்த நீ இல்லை. அது என் தலைக்கு வந்துவிட்டது. பிள்ளை பிறந்த பிறகு ஒரே ஒரு தடவை அதை ஊருக்குக் கூட்டிவந்து முடியிறக்க வேண்டும், தாய்மாமன் முறைக்கு என் மகன் முருகேசன் மடியில் உட்காரவைத்துக் காது குத்த வேண்டும். இதற்கு மகேசு வாயிலிருந்து ஒரு சரி வாங்கிவிட்டால் போதும் என்று இருந்தேன்.

அந்த ஒரு சரி அவ்வளவு லேசில்லை என்பதும் எனக்குத் தெரியும். நீ போன பிறகு அவளை நான்தான் வளர்த்தேன். கல்லூரி முடித்து மெட்ராசில் வேலை கிடைத்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவள், அதன்பின் இந்த ஊரில் காலே வைக்கவில்லை. கல்யாணத்தைக்கூட மெட்ராசில் வைத்துக்கொண்டாள். பொங்கலுக்கு வா என்றால் லீவு இல்லை என்பாள். ஆடிக்கு வா என்றால் டிக்கெட் இல்லை என்பாள். கம்பெனி அவளை அமெரிக்காவுக்கு அனுப்பியபோது போனில் அவள் குரலில் இருந்த சந்தோசத்தைக் கேட்டு நான் அழுதேன். எவ்வளவு தூரமோ அவ்வளவு நல்லது என்று நினைக்கிறாளே என்று அழுகை வந்தது.

தீபாவளி சீசன் முடிந்து கம்பெனி மூடியதும் கிளம்பினேன். விமான நிலையத்துக்கு மகேசும் அவள் புருசன் அருணும் வந்திருந்தார்கள். கோயம்புத்தூர்ப் பையன், தங்கமானவன். மகேசு வயிற்றைத் தள்ளிக்கொண்டு நடந்து வந்தாள். முகம் அப்படியே நீ. நான் ஓடிப்போய் அவள் கன்னத்தைத் தொட்டேன், சுள்ளென்று ஒரு பொறி. இரண்டு பேரும் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டோம். அருண் சிரித்தான். "ஒண்ணுமில்லீங்க அத்தை, குளிர் காலத்துல இங்க இப்படித்தானுங்க. காத்துல ஈரமே இருக்காதுங்க, எதைத் தொட்டாலும் கரண்ட் அடிக்குமுங்க" என்றான். மகேசு சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்காமல் காரில் ஏறினோம்.

கம்பெனி வெடித்து நீ செத்த மறுநாள் பேப்பரில் "உராய்வு காரணமாக" என்று போட்டிருந்தார்கள். எப்போதும் அதைத்தான் போடுகிறார்கள். யாருடைய சேலை எதில் உரசியது, எந்தக் கை எதை இழுத்தது, அதெல்லாம் கிடையாது. ஒரு பொறி, அவ்வளவுதான். அந்தப் பொறி வாசல்தோறும் காத்திருக்கும் ஊரில் போய் உன் மகள் வாழ்கிறாள்.

டாக்டரம்மா மகேசை நன்றாக நடக்கச் சொல்லியிருந்தாள். வெளியே நடக்கக் குளிர். அதனால் ஊரில் பார்க்க வேண்டிய இடங்களுக்கெல்லாம் என்னைக் கூட்டிப்போய், உள்ளேயே நடந்துகொள்ளலாம் என்று அவள் திட்டம். எனக்கோ, போகிற இடத்தில் எங்காவது நல்ல நேரம் பார்த்து நேர்ச்சையைப் பேசிவிடலாம் என்று திட்டம்.

முதலில் ஒரு பெரிய மாதா கோயில். உள்ளே போனால் கூரை முழுக்கக் கண்ணாடிச் சில்லு. விரல் நகத்தைவிடச் சின்னச் சின்னதாக, கோடிக்கணக்கில் ஒட்டி, சாமியும் தேவதைகளும் ஆடுமாடும் செய்து வைத்திருக்கிறார்கள். வெளிச்சம் படும்போது தங்கம் தங்கமாக மின்னுகிறது. உன்னை அங்கிருந்து கிளப்ப முடிந்திருக்காது. எனக்கு முதலில் வந்த நினைப்பு, அண்ணாந்தபடியே இதையெல்லாம் ஒட்டினவன் கழுத்து என்னவாகியிருக்கும் என்பதுதான். மகேசிடம் சொன்னேன். "சித்தி, நீங்க எங்க போனாலும் கூலிக்காரனத்தான் தேடுவீக" என்றாள். வந்தபிறகு அன்றைக்குத்தான் அவள் முதல்முதலாகச் சிரித்தாள். நேர்ச்சையைப் பேசி அந்தச் சிரிப்பைக் கெடுக்க மனசு வரவில்லை.

அடுத்தது ரயில் வராத ஒரு ரயில்வே ஸ்டேஷன். கேட்டுக்கோ. ஒரு காலத்தில் தேசத்தின் நாலா பக்கத்திலிருந்தும் அங்கே வண்டி வருமாம். இப்போது அதை ஓட்டலாக்கி, பக்கத்தில் ராட்டினம் போட்டு, மீன் கண்காட்சி வைத்திருக்கிறார்கள். நம் விருதுநகர் ஸ்டேஷனில் ராட்டினம் சுற்றினால் எப்படி இருக்கும் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன். உள்ளே பெரிய மண்டபம், அரண்மனை மாதிரி. வளைந்த கூரை, பொன் பூசின சிலைகள், கலர்க் கண்ணாடி சன்னல். தரையில் கம்பளம். அருணும் கூட வந்திருந்தான், ஞாயிற்றுக்கிழமை.

நான் கம்பளத்தில் நடந்து போய், படிக்கட்டின் பித்தளைக் கைப்பிடியைத் தொட்டேன். மண்டபத்தில் அரைகுறை வெளிச்சம். விரல் படுமுன்னே நீலமாக ஒரு பொறி, கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தது, சடக் என்று சத்தம் வேறு.

அப்புறம் நான் என்ன செய்தேன் என்று எனக்கே தெரியாது. நம் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் சொல்லிக் கொடுப்பார்களே, பொறி கண்டால் பார்க்காதே, கேட்காதே, யாரையும் கூப்பிட நிற்காதே, ஓடு என்று. "ஏலே ஓடுங்க! ஓடுங்கலே!" என்று கத்திக்கொண்டு ஓடினேன். செருப்பை எங்கே விட்டேனோ. கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே பனியில் வெறுங்காலோடு போய் விழுந்த பிறகுதான் புத்தி வந்தது. ஐயையோ, வயிற்றுக்காரியை உள்ளே விட்டுவிட்டு வந்துவிட்டோமே என்று திரும்பினேன்.

மகேசு உள்ளே இல்லை. எனக்கும் முன்னால், ரோட்டோரத்தில், வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் காலிலும் செருப்பு இல்லை.

அக்கா, அவள் ஒருநாள்கூட வெடிமருந்து அடைக்கிற ரூமுக்குள் வேலைக்குப் போனவள் இல்லையே. நீதான் விடவில்லையே. சாப்பாட்டு நேரத்தில் உன்னைப் பார்க்கக் கம்பெனி கேட்டுக்கு வருவாள், அவ்வளவுதானே. எந்த நாளில் யார் அவளுக்கு ஓடக் கற்றுக்கொடுத்தது?

அருண் எங்கள் செருப்புகளைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடி வந்தான். "என்னாச்சுங்க அத்தை? மகேஸ், நீ எதுக்கு ஓடினே?" என்று மாறி மாறிக் கேட்டான். "சித்தி கத்துனாக, பயந்துட்டேன்" என்றாள் மகேசு. நான் கத்துவதற்கு முன்பே அவள் ஓடியிருந்தாள். அதை நான் அருணிடம் சொல்லவில்லை.

அன்றைக்குப் பிறகு அவள் வீட்டை வேறு கண்ணால் பார்த்தேன். வீட்டில் ஒரு துண்டுக் கம்பளம் கிடையாது, எல்லாவற்றையும் சுருட்டிக் கொடுத்துவிட்டாள். அறைக்கு அறை ஆவி விடுகிற மிஷின், காற்றில் ஈரம் இருப்பதற்காக. அந்தக் குளிரிலும் பருத்தித் துணிதான், கம்பளிச் சட்டை ஒன்றுகூட இல்லை. தோல் வறண்டுபோகிறது என்று அருணிடம் சொல்லி வைத்திருக்கிறாள். அவனும் நம்புகிறான், பாவம். அடுப்பைப் பற்றவைக்குமுன் தண்ணீர்க் குழாயைத் தொடுவாள். கதவைத் திறந்து வெளியே போகுமுன் இரும்புக் கம்பியில் உள்ளங்கையை ஒரு நிமிசம் வைத்திருப்பாள். நாம் ரூமுக்குள் போகுமுன் வாசலில் பதித்த செம்புத் தகட்டில் கையை வைத்து, உடம்பில் இருக்கிற கரண்டை மண்ணுக்கு இறக்கிவிட்டுப் போவோமே, அதே மாதிரி. கேட்டால், "பழக்கமாப் போச்சு சித்தி" என்றாள்.

சின்னப் பிள்ளையாக கேட்டுக்கு வரும்போது, உள்ளே வரணும்னு அடம்பிடித்தால் நீ அவளை அந்தத் தகட்டில் கை வைக்கச் சொல்லி, "இப்பத் தொட்டாச்சு, போதும், நீயும் கம்பெனிக்காரிதான், வீட்டுக்குப் போ" என்று ஏய்த்து அனுப்புவாயாம். அவள்தான் சொன்னாள். எனக்கு அது தெரியாது.

நீ கேட்பாய், அந்த ஊரில் மனசுக்குப் பிடித்த இடம் ஒன்றுகூட இல்லையா என்று. இருந்தது. பெரிய தோட்டம் ஒன்று, அதற்குள் கவிழ்த்த கூடை மாதிரி ஒரு கண்ணாடிக் கூடாரம். வெளியே பனி கொட்டுகிறது, உள்ளே நுழைந்தால் நம் ஊர் ஐப்பசி மழைக்குப் பிறகு இருக்குமே, அந்தப் புழுக்கம். வாழை நிற்கிறது. ஓடையில் தண்ணீர் ஓடுகிறது. இலையெல்லாம் சொட்டுகிறது. மகேசு குளிர் காலம் பூராவும் அங்கே வருவாளாம். ஏன் என்று நான் கேட்கவில்லை. அந்த ஈரத்தில் பொறி வராது.

அங்கே ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். நான் பயமில்லாமல் அவள் கன்னத்தைத் தொட்டேன். தலையைக் கலைத்துப் பின்னிவிட்டேன். என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். வயிற்றில் பிள்ளை உதைப்பது என் விலாவில் தெரிந்தது. அக்கா, அந்த ஒரு மத்தியானம் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. இவள் கல்லாகவில்லை, கேட்டால் சரி என்பாள் என்று தோன்றியது. எழுந்ததும் கேட்டிருக்கலாம். கூடாரத்தை மூடப்போகிறோம் என்று வந்து எழுப்பிவிட்டார்கள்.

கேட்டது ஆர்ச்சின் காலடியில். செயின்ட் லூயிஸ் என்றாலே அதுதான். ஆற்றங்கரையில், வானத்துக்கும் மண்ணுக்குமாக வளைத்து நிறுத்திய ஒரே இரும்பு வளைவு. எவர்சில்வர்தான் அக்கா, நம் வீட்டுக் குடம் செய்கிற அதே எவர்சில்வர். அண்ணாந்து பார்த்தால் பின்னால் விழுந்துவிடுவோம் போல இருக்கிறது. உள்ளே சின்னப் பெட்டியில் உட்காரவைத்து உச்சிக்குக் கூட்டிப்போகிறார்கள். நாங்கள் ஏறவில்லை, மாசமான பெண் ஏற வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். அம்புட்டுத் தூரம் போயிட்டு மேல ஏறாம வந்தியா என்று நீ திட்டுவது காதில் விழுகிறது.

அதற்கு முன்னால் எதிரில் இருக்கிற பழைய கோர்ட்டையும் காட்டினாள். மேலே பச்சை நிறத்தில் கும்பம் வைத்தாற்போல் ஒரு கட்டடம். அந்தக் காலத்தில் அடிமையாக இருந்த ஒரு புருசனும் பெண்டாட்டியும், எங்களை விடுதலை செய்யுங்கள் என்று அங்கேதான் வழக்குப் போட்டார்களாம். அங்கே ஜெயித்துவிட்டார்களாம். மேல் கோர்ட்டில் தோற்றார்கள், அதற்கும் மேல் கோர்ட்டில் சுத்தமாகத் தோற்றார்கள். பிறகு யாரோ விடுதலை எழுதிக் கொடுத்து, கொஞ்ச நாளிலேயே அந்த மனுசன் செத்துப்போனாராம். இரண்டு பேருக்கும் வாசலில் சிலை இருக்கிறது. "நம்ம கேஸ் என்னாச்சு சித்தி?" என்று மகேசு கேட்டாள். "நடக்குது" என்றேன். உன் சாவுக்காகப் போட்ட கேஸ் கீழ் கோர்ட்டையே இன்னும் தாண்டவில்லை. முதலாளி ஜாமீனில் வந்து, வேறு பெயரில் லைசென்ஸ் வாங்கி, மறுபடியும் ஆர்டர் எடுக்கிறார்.

ஆர்ச்சின் ஒரு கால் அருகில் போனோம். மகேசு கையுறையைக் கழற்றிவிட்டு இரண்டு உள்ளங்கையையும் அதன்மேல் வைத்தாள். "வந்த புதுசுல யாரும் இல்லாம இருந்தப்ப, தெனமும் இங்கன வந்து இப்படி நிப்பேன் சித்தி. நீங்களும் கைய வைங்க" என்றாள். வைத்தேன். ஐஸ் கட்டியாக இருந்தது. அவ்வளவு பெரிய தகட்டை நான் என் வாழ்நாளில் பார்த்ததில்லை.

"இதக் கெட்டும்போது எம்புட்டுப் பேரு செத்திருப்பாக?" என்று கேட்டேன். அந்த உயரத்தைப் பார்த்தால் யாருக்கும் வருகிற கேள்விதானே?

"ஒருத்தருகூடச் சாகல சித்தி."

"சும்மா சொல்லாத தாயி."

"நெசமாத்தான். சாவாகன்னு கணக்குப் போட்டு வச்சிருந்தாகளாம். ஒருத்தருகூடச் சாகல. அந்தா தெரியுது பாருங்க பழைய பாலம், அதுக்கு அஸ்திவாரம் போட ஆத்துக்கு அடியில எறங்குனவுக நெறையப் பேரு செத்தாக. ஆனா இதுல இல்ல."

எனக்கு அழுகை வந்துவிட்டது அக்கா. ஏன் என்று கேட்காதே. இத்தனை காலமும் விதி, தலையெழுத்து, நம் வேலை அப்படி என்று சொல்லிச் சொல்லி உன்னைப் புதைத்து வைத்திருந்தேன். ஆள் சாகாமலும் வேலை நடத்த முடியும் என்று ஒரு இரும்பு அங்கே நிமிர்ந்து நிற்கிறது. உன் உடம்பைச் சேலைக் கரையை வைத்து அடையாளம் சொன்னவள் நான். எனக்கு அந்தச் சேதியைத் தாங்க முடியவில்லை.

அந்த அழுகையிலேயே கேட்டுவிட்டேன். "ஏத்தா மகேசு, உங்கம்மா நேந்த நேர்ச்சை ஒண்ணு பாக்கி கெடக்கு. பிள்ளையக் கொண்டாந்து இருக்கன்குடியில ஒரு முடி எறக்கிட்டுப் போயிரு தாயி. ஒரே ஒரு நாளு. காலையில வந்து சாயங்காலம் போயிரு."

அவள் கையை இரும்பிலிருந்து எடுக்கவில்லை. ஆற்றைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"அம்மா செத்தன்னிக்கி நான் கிளாசுல இருந்தேன் சித்தி. சத்தம் கேட்டதும் டீச்சரு சன்னலச் சாத்துனாக. கம்பெனிப் பிள்ளைக எல்லாரும் எந்திரிச்சு நின்னுட்டோம். யாரு அம்மா, யாரு அம்மான்னு ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டோம். அன்னிக்கி நான், ஆத்தா, எங்கம்மாவா இருக்கக் கூடாது, வேற யாரு அம்மாவா இருந்தாலும் பரவால்லன்னு கும்பிட்டேன். மத்த பிள்ளைகளும் அப்படித்தான் கும்பிட்டிருக்கும். அந்த ஊருல பிள்ளைக அதத்தான் கும்பிட முடியும். எம்பிள்ள அந்த மண்ண மிதிக்காது சித்தி. ஒரு நாளு இல்ல, ஒரு மணி நேரங்கூட மிதிக்காது."

"உங்கம்மா வாக்கும்மா அது."

"அம்மா என்னயக் காப்பாத்தச் சொல்லி நேந்தாக. காப்பாத்தியாச்சு. நான் இங்கன இருக்கேன்ல? அம்புட்டுத்தான்."

காற்று ஊசி ஊசியாகக் குத்தியது, காருக்கு நடந்தோம்.

தை பிறந்து பேத்தி பிறந்தாள். சாடையெல்லாம் அருண் பக்கம், காது மட்டும் நம் அம்மாவுடையது. செண்பகம் என்று ஒரு பெயரைச் சேர்த்து வைக்கச் சொன்னேன். "அந்தப் பேரச் சொல்லிக் கூப்பிட்டு, அம்மா மாதிரி இவளும் வரலேன்னா நான் என்ன செய்வேன் சித்தி?" என்றாள் மகேசு. இனியா என்று வைத்திருக்கிறார்கள். நல்ல பெயர்தான். குளிப்பாட்டி, சாம்பிராணி போட்டு, மருந்து இடித்துக் கொடுத்து, என் கையில் ஆனதெல்லாம் செய்தேன். பங்குனியில் திரும்பிவிட்டேன். அங்கேயே இருங்கள் என்று அருண் உண்மையாகவே சொன்னான். மகேசு சொல்லவில்லை. சொன்னால் நான் இருந்துவிடுவேனோ என்று பயந்தாளா, இருக்கமாட்டேன் என்று தெரிந்து சொல்லவில்லையா, தெரியவில்லை.

இனி இங்கத்திச் சேதி. உன் கம்பெனியை மறுபடியும் கட்டிவிட்டார்கள். நீ இருந்த நாலாம் நம்பர் ரூமை அதே இடத்தில் கட்டி, அதே நம்பர் போட்டிருக்கிறார்கள். வாசலில் புதுத் தகடு மினுக்மினுக்கென்று இருக்கிறது. நான் ஊரில் இல்லாத நேரத்தில் முருகேசன் பெண்டாட்டி ரேவதி அங்கே மருந்து அடைக்கிற வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். வந்து இறங்கின அன்றே அவள் கையைப் பார்த்தேன், முழங்கை வரைக்கும் அலுமினியத் தூள், வெள்ளி பூசினாற்போல். கத்தினேன், அழுதேன்.

"வேற என்ன வேல இருக்கு அத்தே இங்கன? வானத்தையா பாத்துக்கிட்டு இருக்கச் சொல்றீக? நீங்களும் இதத்தான பாத்தீக" என்றாள். மரியாதைக் குறைவாகச் சொல்லவில்லை. உண்மையாகவே கேட்டாள். விதைத்தால் மழை இல்லை, தீப்பெட்டி ஆபீசுகளில் ஆள் குறைத்துவிட்டார்கள், முருகேசனுக்கு லோடு கிடைக்கிற நாள்தான் நாள். நீ இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

திங்கட்கிழமையிலிருந்து நானும் போகிறேன். நாலாம் நம்பரில்தான் கேட்டு வாங்கியிருக்கிறேன். அவள் பக்கத்தில் ஒரு ஆள் இருந்தால் ஆகப்போகிறது ஆகாமல் போய்விடுமா என்று கேட்காதே. எனக்கு வேறு வழி தெரியவில்லை.

போன வாரம் மகேசு வீடியோவில் வந்தாள். பிள்ளையைக் காட்டினாள், இப்போது முகம் பார்த்துச் சிரிக்கிறது. நான் போனைப் பிடித்திருந்தேன். "எங்க, எம்மருமகளக் காட்டுங்க" என்று ரேவதி ஆசையாக ஓடி வந்து கையை நீட்டினாள், திரையில் கன்னத்தைக் கிள்ளுகிற மாதிரி. அந்தக் கையை மகேசு பார்த்துவிட்டாள். பிள்ளையை மெதுவாகத் திருப்பி மார்போடு அணைத்துக்கொண்டாள். எங்களுக்குப் பிள்ளையின் முதுகுதான் தெரிந்தது. "தூக்கம் வருது போல சித்தி, பெறகு கூப்பிடுறேன்" என்றாள். அதன்பிறகு கூப்பிடவில்லை. ரேவதி அது எதையும் கவனிக்கவில்லை, பிள்ளை என்ன கலரு பாத்தீகளா அத்தே என்று பேசிக்கொண்டே போனாள்.

அன்றைக்குத்தான் முடிவு செய்தேன். வருகிற வெள்ளிக்கிழமை இருக்கன்குடிக்குப் போய் என் தலைமுடியை இறக்கப்போகிறேன். பிள்ளை முடிக்குப் பதிலாக என் முடி. ஆத்தா இதை ஏற்றுக்கொள்வாளா என்று பூசாரியிடம் கேட்டேன். "நேந்தவுக யாரு?" என்றார். "செத்துப்போனாக" என்றேன். "பிள்ள?" என்றார். "வராது" என்றேன். "கொண்டாந்து குடுங்க, அவ வேண்டாம்னா சொல்லப்போறா" என்றார்.

பாதி நரைத்து, எண்ணெய் காணாத முடி. அவளுக்கு இது ஒரு காணிக்கையா என்று எனக்கே வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் கொடுக்கிறேன். இனி இந்த ஊருக்கு அந்தப் பிள்ளை கொடுக்க வேண்டியது ஒன்றும் இல்லை என்று சொல்லிக் கொடுக்கப்போகிறேன்.

உனக்கு ஒரு சத்தியம் செய்கிறேன் அக்கா. நேர்ச்சை என்றும் தாய்மாமன் மடி என்றும் சொல்லி மகேசை இனிமேல் நான் கூப்பிட மாட்டேன். எனக்கு முடியாமல் போனாலும் கூப்பிட மாட்டேன், நான் செத்தாலும் கூப்பிட வேண்டாம் என்று முருகேசனிடம் சொல்லிவிட்டேன். என்றைக்காவது ஒருநாள் அவளுக்கே மனசு இளகி, "சித்தி, பிள்ளையக் கூட்டிக்கிட்டு வாரேன்" என்று போனில் சொல்வாள். சொல்லாமல் இருக்கமாட்டாள், உன் மகள்தானே. நான் அதைக் கேட்கத்தான் உயிரோடு இருக்கிறேன். அன்றைக்கு என் வாயால் நானே சொல்லுவேன், வராதே தாயி என்று.

உனக்குப் பின்னால் பிறந்து, இப்போது உன்னைவிட மூத்தவளாகிவிட்ட
உன் தங்கச்சி
பாக்கியம்